முதல் விரல்

செவன் ஹில்ஸ்,
05.08.2024

அன்புள்ள தம்பி றெக்சன்,

நீ போனை எடுக்கிறாய் இல்லை. வட்ஸ்அப்பில் ஒரு கோடு விழுகிறது, இரண்டாவது கோட்டைக் காணோம், என்னை மறித்துவிட்டாய் போல. ஆகவே முத்திரை ஒட்டி எழுதுகிறேன். தபால் பெட்டியை மறிக்கிற பொத்தானை இன்னும் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

சுகம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. பெத்தேலோவின் வலது காலில் புண். போன கிழமை அதைச் சொல்லத்தான் எடுத்தேன். நான் சத்தம் போட்டது உண்மை. நீ இடையில் வெட்டியதும் உண்மை.

பெத்தேலோவை நீ மறந்திருக்க மாட்டாய். ஜூன் மாத நீண்ட விடுமுறைக்கு நீயும் றம்யாவும் மெல்பேர்ணிலிருந்து இங்கே வந்தபோது கோவில் மண்டபத்தில் உனக்கு மாலை போட்டவர். எங்கள் பங்கிலுள்ள சமோவாச் சனங்களுக்கு அவர்தான் உபதேசியார். பாதர் பூசை வைப்பார். கல்யாணம், சாவீடு, புருஷன் பெண்சாதி சண்டை எல்லாம் பெத்தேலோவின் வாசலுக்குத்தான் போகும். அவர் சாப்பிடத் தொடங்கினால்தான் மற்றவர்கள் சாப்பாட்டுக் கோப்பையில் கை வைப்பார்கள்.

பூசைக்குப் பிறகு மண்டபத்தில் இரத்தத்தில் சீனி பார்க்கிற மேசையை நான் போடத் தொடங்கியபோது ஒருவரும் கிட்ட வரவில்லை. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு நேர்ஸ் ஊசியோடு இருந்தால் யார்தான் வருவார்கள். ஒருநாள் பெத்தேலோ கதிரையை இழுத்துப் போட்டு இருந்து தன் விரலை நீட்டினார். அடுத்த ஞாயிறு வரிசை வாசல் வரைக்கும் நின்றது. அந்தச் சனங்களிடம் வேலை நடப்பது அப்படித்தான்.

உன்னை ஏன் கூப்பிட்டேன் என்பதும் உனக்குத் தெரியும். போகிற இடமெல்லாம் டொக்டர்மார் அவர்களுடைய உடம்பை மேலும் கீழும் பார்த்து, வாயைக் கட்டு என்று சொல்லி அனுப்புகிறார்கள். வெட்கத்தில் அவர்கள் மறுமுறை போவதில்லை. மரபணு ஆராய்ச்சி செய்கிற என் தம்பி வந்து, உடம்பு பெருப்பதற்கு வாய் மட்டும் காரணமில்லை என்று சொன்னால் அந்த வெட்கம் கொஞ்சம் இறங்கும் என்று நினைத்தேன். நீ வடிவாகத்தான் பேசினாய். சமோவாக்காரரில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஒரு மரபணு மாற்றம் இருக்கிறது, அது உடம்பைப் பாரமாக்கும், ஆனால் அதே மாற்றம் சீனி வருத்தத்திலிருந்து ஓரளவு பாதுகாக்கும் என்றாய். பெத்தேலோவின் மனைவி மலியா பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தாள். சனம் எழும்பி நின்று கைதட்டியது. பிறகு பெத்தேலோ உன்னை என் மேசைக்குக் கூட்டிவந்து, விருந்தாளிதான் முதலில் விரல் தரவேண்டும் என்றார். நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நீங்கள் முதலில் என்று பகிடி விட்டாய். எல்லோரும் சிரித்தோம். அப்படியே சாப்பாட்டுக்குப் போய்விட்டோம்.

அடுத்த நாளிலிருந்து பெத்தேலோ சீனிக் குளிசை போடவில்லை. பத்து வருஷமாக வருத்தம் உள்ள மனுஷன். எனக்குத்தான் பாதுகாப்பு இருக்கிறதே, உன் தம்பியே சொன்னாரே என்று இப்போது என்னிடம் சொல்கிறார். போன மாதம் சப்பாத்துக்குள் ஒரு சின்னக் கல் இருந்திருக்கிறது. காலில் உணர்ச்சி குறைந்தபடியால் நாள் முழுக்க அதன்மேல் நடந்திருக்கிறார். மலியா சப்பாத்தைக் கழற்றியபோது காலுறை தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

இதை உனக்கு எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். எழுதச் சொன்னார். உன் சுகமும் விசாரித்தார். அவருக்குக் கோபம் இல்லை, எனக்குத்தான். இவ்வளவு படித்த உனக்கு, குளிசையை விடாதேங்கோ என்று ஒரு வசனம் சொல்லத் தெரியாமல் போய்விட்டதே.

அக்கா,
மாக்கிறேட்


கிளேட்டன்,
14.08.2024

அன்பின் அக்கா,

உங்கள் கடிதம் கிடைத்தது. பெத்தேலோவின் கால் எனக்கும் கவலைதான். ஆனால் கவலை வேறு, குற்றம் வேறு.

நான் சொன்னதில் பிழையில்லை. அந்த மாற்றம் உள்ளவர்களுக்குச் சராசரியாக உடம்பு பாரம் கூட. சராசரியாகச் சீனி வருத்தம் வரும் வாய்ப்புக் குறைவு. சராசரியாக என்ற சொல்லை அன்று நான் விடவேயில்லை. பெத்தேலோவிடம் அந்த மாற்றம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது, ஒருவரும் பரிசோதித்துப் பார்க்கவில்லை. இருந்தாலும்கூட, வந்துவிட்ட வருத்தத்தை அது திருப்பி அனுப்பாது. பட்டினியோடு கடல் கடந்த மூதாதையரின் கதையையும் சேர்த்துச் சொல்லச் சொல்லி நீங்கள் கேட்டீர்கள். அது நிரூபிக்கப்படாத ஊகம் என்பதால்தான் நான் விட்டேன். அவ்வளவு கவனமாக இருந்தவனைப் பார்த்து நீங்கள் இப்படி எழுதுகிறீர்கள்.

நான் வைத்தியன் இல்லை அக்கா. கணினிக்கு முன்னால் இருந்து ஆயிரக்கணக்கானவர்களின் மரபணுக்களை எழுத்துகளாகப் பார்க்கிறவன். குளிசையைப் பற்றிப் பேச எனக்கு உரிமையும் இல்லை. அது உங்கள் வேலை.

கேட்கக் கூடாதுதான், ஆனால் கேட்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் மேசை போடுகிறவர் நீங்கள். அவர் இவ்வளவு நாள் குளிசையை விட்டிருந்தது உங்களுக்கு எப்படித் தெரியாமல் போனது?

இன்னொன்று. பெற்ற ஐயாவின் காலை மறந்துவிட்டாயா என்று போனில் கத்தினீர்கள். றம்யா பக்கத்தில் இருந்தாள். சத்தம் வெளியே கேட்டுக்கொண்டிருந்தது. சீனி வருத்தத்தில் கால் போய், முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் மன்னார் வீட்டில் ஐயா கதிரையில் இருந்ததை நான் மறக்கவில்லை. மறக்காதபடியால்தான் போனை வெட்டினேன்.

நான் அங்கே வந்து நின்று மன்னிப்புக் கேட்க இதில் ஒன்றும் இல்லை என்று நினைக்கிறேன். அத்தானுக்கு என் அன்பு.

றெக்சன்


செவன் ஹில்ஸ்,
29.08.2024

அன்புள்ள றெக்சன்,

உன் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டே மற்றதை எழுதுகிறேன். பெத்தேலோ உன் பேச்சுக்குப் பிறகு மேசைக்கு வரவில்லை. உபதேசியாருக்கு ஆயிரம் அலுவல் இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். உடம்பு பெரிய சனங்களைப் பிடித்துப் பிடித்துக் கேட்கிற நான், ஒழுங்காக வருகிற ஒருவர் நின்றதைக் கவனிக்கவில்லை. நீ கேட்டது சரி. கேட்ட விதம்தான் எனக்குச் சோறு இறங்காமல் பண்ணியது. போகட்டும், நீயும் நானும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள், நாக்கு வேறெப்படி இருக்கும்.

போன சனிக்கிழமை மலியா என் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் வந்திருந்து அழுதாள். முதியோர் இல்லத்தில் வேலை, இரவு வேலை முடிந்து நேரே வந்திருந்தாள். அவளைப் பற்றியும் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாட்டுக்குழுவை நடத்துகிற அந்தப் பெரிய உடம்பைப் பார்த்து, இவளுக்கு இன்றைக்கோ நாளைக்கோ என்று நான் மூன்று வருஷமாக அவள் கோப்பையையே பார்த்துக்கொண்டு இருக்கிறேன். ஒருநாளும் அவளுக்குச் சீனி ஏறினதில்லை. நீ சொன்ன மாற்றம் அவளிடம் இருக்கிறதோ என்னவோ, நான் அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆள்.

அவள் அழுதது ஒரு சொல்லுக்காக. பாதுகாக்கும் என்று நீ சொன்னதற்கு அவள் புயிபுயி என்ற சொல்லைப் போட்டிருக்கிறாள். அவர்களுக்கு வேலியும் அதுதான், காவலும் அதுதான். ஆண்டவரே எங்களைக் காத்தருளும் என்று செபத்தில் சொல்வதும் அதே சொல்லால்தான். உன் 'ஓரளவு' அந்தச் சொல்லுக்குள் புகமுடியாமல் வெளியே நின்றுவிட்டது. ஆண்டவர் ஓரளவு காப்பார் என்று எந்த உபதேசியார் கேட்டுக்கொண்டு இருப்பார்? கடவுள் எங்களைச் சுற்றி வேலி போட்டிருக்கிறார் என்றுதான் மண்டபம் முழுக்கக் கேட்டிருக்கிறது. கைதட்டல் உனக்கு விழுந்தது இல்லை தம்பி, வேலிக்கு விழுந்தது.

சீனி வருத்தத்துக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் தெரியுமா? மாயி சூக்கா. சீனி வருத்தம் என்றேதான் அர்த்தம். அந்தச் சொல்லில் ஒன்றாக நின்ற நாங்கள் அடுத்த சொல்லில் பிரிந்துபோனோம்.

இப்போது நிலைமை இதுதான். ஆஸ்பத்திரியில் இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டும் என்கிறார்கள். பெத்தேலோ மாட்டேன் என்கிறார். ஒக்ரோபர் பதின்மூன்றாம் திகதி அவர்களுடைய வெள்ளை ஞாயிறு. பிள்ளைகள் எல்லோரும் வெள்ளை உடுத்திக் கோவிலில் வசனம் சொல்கிற நாள். அவர்களுக்கு முன்னால் தான் நடந்து வரவேண்டும், பிறகு பார்ப்போம் என்கிறார். புண்ணுக்கு மருந்து கட்ட விடுகிறார், அன்ரிபயோட்டிக் விழுங்குகிறார், சீனிக் குளிசையை மட்டும் தொடமாட்டார். அதைத் தொட்டால் கடவுளின் வேலியில் நம்பிக்கையில்லை என்றாகிவிடுமாம். சீனி இறங்காவிட்டால் புண் ஆறாது, அதுவரைக்கும் பாதம் தாங்குமோ என்று டொக்டரே தலையைச் சொறிகிறார். அவரைப் பார்த்து மற்றவர்களும் மேசைக்கு வருவதில்லை. போன ஞாயிறு பஞ்சையும் ஊசியையும் பரப்பி வைத்துவிட்டு நான் தனியே இருந்தேன்.

நீ வா. மன்னிப்புக் கேட்க வேண்டாம். வந்து அவரோடு இரு.

அக்கா


கிளேட்டன்,
08.09.2024

அன்பின் அக்கா,

ஒரு சொல் இப்படிச் செய்யும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நாங்கள் கட்டுரை எழுதும்போது 'பாதுகாப்பு' என்ற சொல்லைச் சாதாரணமாகப் போடுகிறோம். போன கிழமை கூட்டமொன்றில் அதைக் கேட்டபோது என் காதுக்கு அது வேலி என்றே விழுந்தது. பக்கத்தில் இருந்த பார்கவியிடம் சொன்னேன். எங்களோடு வேலை செய்கிற பெண். தன் ஊரில் என்றால் அதைத் தாயத்து என்று மொழிபெயர்த்திருப்பார்கள் என்றாள்.

ஒரு வீடியோ எடுத்து அத்தானின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். முழுக்க நானே பேசுகிறேன், படங்கள் இல்லை. அந்த மாற்றம் வேலி இல்லை, வேலியாக இருந்தாலும் அதில் ஆள் புகக்கூடிய பெரிய பொட்டுகள் உண்டு, உங்களுக்கு வருத்தம் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது, குளிசையைத் தயவுசெய்து போடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். மலியா அதைத் தங்கள் மொழியில் சொல்லட்டும். எந்தச் சொல்லைப் போடலாம் என்று அவள்தான் முடிவெடுக்க வேண்டும்.

நேரே வரத்தான் முடியவில்லை. வேலை கழுத்துவரை நிற்கிறது. உடம்பும் ஒத்துழைப்பதில்லை, பின்னேரம் வந்தால் சோபாவில் அப்படியே விழுந்துவிடுகிறேன். கண் மங்குகிறது என்று புதுக் கண்ணாடி போட்டேன், அதுவும் சரிவரவில்லை. கடைக்காரனோடு சண்டை பிடிக்க வேண்டும். றம்யா பாவம், என் காற்சட்டைகளை எல்லாம் உள்ளே பிடித்துத் தைத்துக்கொண்டு இருக்கிறாள். மெலிந்து பெடியன் மாதிரி வந்துவிட்டேன் என்று வேலையிடத்தில் எல்லோரும் பொறாமைப்படுகிறார்கள். உங்கள் சமோவாச் சனத்துக்கு இந்த இரகசியத்தைச் சொல்லலாம், தண்ணீர் நிறையக் குடித்தால் போதும்.

பெத்தேலோ என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

றெக்சன்


செவன் ஹில்ஸ்,
22.09.2024

றெக்சன்,

இந்தக் கடிதத்தைக் கடைசிவரை வாசி. நடுவில் கோபம் வந்தாலும் வை, பிறகு எடுத்து வாசி.

வீடியோவை மலியா வீட்டில் போட்டுக் காட்டினோம். பெத்தேலோ காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு கடைசிவரை பார்த்தார். மலியா இந்தமுறை புயிபுயி என்ற சொல்லைப் பக்கத்திலும் எடுக்கவில்லை. முடிந்ததும் அவர் உனக்கு நன்றி சொன்னார். பிறகு தலையை ஆட்டினார். எனக்குப் பொறுமை போய்விட்டது. இன்னும் என்ன வேணும் உங்களுக்கு, சொன்னவனே வந்து இல்லை என்று சொல்லிவிட்டானே என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். அவர் இங்கிலிஷில் சொன்னதை என் தமிழில் போடுகிறேன்.

"உங்கட தம்பி அண்டைக்கும் நல்லாத்தான் பேசினவர், இண்டைக்கும் நல்லாத்தான் பேசுறார். நான் பேச்சைக் கேட்டு நிப்பாட்டேல்லை. அவர் விரலைத் தரேல்லை. எங்களிட்ட விருந்தாளி தொடாததை வீட்டுக்காரன் தொடமாட்டான். இந்த வருத்தத்தைப் பற்றி எல்லாம் தெரிஞ்ச மனிசன் ஊசியைக் கண்டு கையைப் பின்னால கட்டினா, ஊசி வேண்டாம் எண்டுதானே அர்த்தம். ஊசி வேண்டாம் எண்டா குளிசை எதுக்கு?"

நாங்கள் எல்லோரும் சொல்லைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தோம், அவர் உன் கையைப் பார்த்திருக்கிறார். உனக்காக வழக்காடினேன். எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு, எதைக் கொடுத்தாலும் முதலில் வேண்டாம் என்போம், நீங்கள் முதலில் என்போம், அது மரியாதை என்றேன். அப்ப எத்தனை தரம் கேக்கோணும் என்று மெத்தக் கவனமாகக் கேட்டார். மூன்று தரம் என்றேன். தான் ஒருதரம்தான் கேட்டது என்று மனுஷன் மன்னிப்புக் கேட்கிறார்.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை எடுத்து மறுபடி வாசித்தேன். காற்சட்டை. கண்ணாடி. சோபா. தண்ணீர். றெக்சன், இதை வேறு யாராவது எனக்கு எழுதியிருந்தால் இரண்டாவது வரியில் எழும்பி மருந்துப் பெட்டியை எடுத்திருப்பேன். என் சொந்தத் தம்பி எழுதினபடியால் பகிடி என்று சிரித்துவிட்டு மடித்து வைத்தேன். நீ மெல்லிய ஆள். எங்கள் ஐயாவும் மெல்லிய ஆள்தான். எங்களுடைய சனத்துக்குச் சீனி வருத்தம் வர உடம்பு பெருக்கத் தேவையில்லை என்று நான் வகுப்பெடுக்கிறவள். ஆனால் மூன்று வருஷமாக மண்டபத்தில் ஒரு தமிழ் விரலையும் நான் குத்தவில்லை. பங்கிலுள்ள எங்கள் ஆட்களில் கமலினி அன்ரி ஒரு கையில் பொரித்த ரோல்ஸோடு வந்து நின்று, "பாவங்கள், என்ன உடம்பு பாருங்கோ" என்று சொல்வா. நானும் தலையாட்டுவேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. நேர்ஸாகக் கணக்குப் பார்த்தும் பயமாக இருக்கிறது, அக்காவாக நினைத்தாலும் பயமாக இருக்கிறது. கிளேட்டனில் எந்த மருந்துக்கடைக்குள் போனாலும் விரல் குத்துவார்கள். இன்றைக்கே போ. மூன்று தரம் கேட்க வேண்டும் என்றால் கேட்கிறேன். போ. போ. போடா.

அக்கா


கிளேட்டன்,
30.09.2024

அக்கா,

16.4.

சாப்பிட்டிருந்தாலும் எட்டுக்குள் நிற்க வேண்டிய சீனி. மருந்துக்கடைப் பெண் தன் மெஷினில்தான் பிழை என்று நினைத்து இன்னொரு விரலிலும் குத்தினாள். அதே பதில்தான். அன்றைக்கே டொக்டரிடம் போனேன். இரத்தப் பரிசோதனையும் வந்துவிட்டது. இது நேற்றோ போன மாதமோ வந்ததில்லையாம். குளிசை தொடங்கியாயிற்று. கண்ணாடிக் கடைக்காரனோடு இனிச் சண்டை இல்லை.

பெத்தேலோவிடம் நீங்கள் எனக்காகச் சொன்ன மரியாதை விளக்கம் நல்லதுதான், ஆனால் உண்மை அதுவல்ல. அன்று உங்கள் மேசையில் அந்தச் சின்ன ஊசியைக் கண்டவுடன் ஐயாவின் கதிரைதான் எனக்குத் தெரிந்தது. வருத்தம் இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்துகொள்ளப் பயம். பகிடி விட்டால் ஒருவரும் கவனிக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். நீங்களும் கவனிக்கவில்லை, றம்யாவும் கவனிக்கவில்லை. என்னை வாழ்க்கையில் ஒருதரம் மட்டும் பார்த்த ஒரு மனிதர் கவனித்திருக்கிறார். பிழையாக விளங்கிக்கொண்டார் என்றாலும் பார்த்தது அவர் மட்டும்தான்.

றம்யாவிடம் சொன்னேன். அழவில்லை. அலுமாரியிலிருந்து காற்சட்டைகளைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள். "அப்ப நான் இவ்வளவு நாளும் இதையோ பிடிச்சுத் தைச்சுக்கொண்டு இருந்தனான்?" என்றாள்.

வெள்ளை ஞாயிறுக்கு முதல்நாள் காரில் வருகிறோம். றம்யாவுக்குத் திங்கள் வேலை, அதனால் ஞாயிறன்றே திரும்ப வேண்டும். பெத்தேலோவிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். அந்த நாளில் முதலில் விரல் கொடுக்க எனக்கு விடுவாரா? ஒருதரம் வேண்டாம் என்ற விருந்தாளியை அவர்கள் மறுபடி கூப்பிடுவார்களா என்று எனக்குத் தெரியாது. அவர் மாட்டேன் என்றால் பின்னால் நின்று சாப்பிட்டுவிட்டுப் போகிறேன்.

ஊசியை நீங்கள்தான் பிடிக்க வேண்டும்.

றெக்சன்


செவன் ஹில்ஸ்,
20.10.2024

அன்புத் தம்பிக்கு,

நல்லபடி போய்ச் சேர்ந்ததாக றம்யா அத்தானுக்கு அனுப்பியிருந்தாள். நீ இன்னும் எனக்கு ஒரு கோட்டோடுதான் நிற்கிறாய். மறித்ததையே மறந்துபோனாய் போல.

அன்றைக்கு நீ கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இருந்தாய். ஊசிக்குப் பயந்த பெரிய ஆராய்ச்சியாளர். அதனால் நீ பார்க்காததை எல்லாம் நான் எழுத வேண்டி இருக்கிறது.

சாப்பாடு பரப்பியிருந்தது. வெள்ளை ஞாயிறில் பிள்ளைகளுக்குத்தான் முதல் பந்தி, பெரியவர்கள் பரிமாறுவார்கள். அந்தப் பிள்ளைகளையும் பெத்தேலோ மறித்து வைத்துவிட்டார். சாப்பாட்டுக்குப் பிள்ளைகள் முதல், ஊசிக்கு விருந்தாளி முதல் என்றார். மண்டபம் சிரித்தது, நீ வெளிறிப்போய் இருந்தாய். நடந்து வர இருந்தவரைக் கால் விடவில்லை, சக்கரநாற்காலியை அவர் தானே உருட்டிக்கொண்டு உனக்குப் பக்கத்தில் வந்தார். மூன்று தரம் கேட்டார். கவனித்தாயா? முதலாம் தரமே நீ ஓம் என்று கையை நீட்டிவிட்டாய், ஆனால் அவர் நிறுத்தவில்லை. எங்கள் வழக்கத்தை மதித்து மூன்றையும் கேட்டு முடித்த பிறகுதான் என்னைக் குத்தவிட்டார்.

குத்தின பிறகு பஞ்சை வைத்து உன் விரலை அமத்திப் பிடித்தது நான் என்றுதானே நினைத்தாய்? நான் இரண்டு கையாலும் மெஷினைப் பிடித்து நம்பரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பிடித்தது பெத்தேலோ. 11.2 என்று வந்ததை அவர் எட்டிப் பார்த்துத் தன் மொழியில் உரத்துச் சொன்னார். சனம் உன்னை மேலும் கீழும் பார்த்தது. மெலிந்த மனிதனுக்கு அந்த நம்பரா என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். மலியா முன்னுக்கு வந்து அதை மொழிபெயர்க்க ஏதுமில்லாமல் நின்றாள். நம்பருக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லைத்தானே.

பிறகு பெத்தேலோ தன் விரலை நீட்டினார். அவருடைய நம்பரை நான் இங்கே எழுதமாட்டேன், உன்னுடையதைப் பார்த்து நீ ஆறுதல்படக் கூடாது. சட்டைப் பையிலிருந்து குளிசைப் பெட்டியை எடுத்து, எல்லோருக்கும் முன்னால் ஒன்றை வாயில் போட்டார். அப்போதுதான் நீ கண்ணைத் திறந்தாய்.

நீங்கள் போன பிறகு வரிசை கார்த் தரிப்பிடம் வரைக்கும் போனது. அதில் எங்கள் ஆட்களும் நின்றார்கள். கமலினி அன்ரி சேலைத் தலைப்பால் விரலைப் பொத்திக்கொண்டு, நம்பரை ஒருவருக்கும் சொல்லாதே பிள்ளை என்று என் காதுக்குள் சொன்னா. இங்கே எல்லாருடைய நம்பரும் எல்லாருக்கும் என்று மலியா சொல்லிவிட்டாள். என்ன வந்தது என்று உனக்கும் சொல்லமாட்டேன், ஆனால் அன்ரி அன்றைக்கு ரோல்ஸ் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை பெத்தேலோ ஆஸ்பத்திரிக்குப் போனார். வெள்ளை ஞாயிறுக்கு முன்னால் போயிருந்தால் நல்லது என்று டொக்டர் திட்டினார். இரண்டு விரல்கள் போய்விட்டன. பாதம் நிற்கிறது றெக்சன். பாதம் நிற்கிறது. ஐயாவுக்குக் கிடைக்காதது அவருக்குக் கிடைத்திருக்கிறது. ஆஸ்பத்திரிக் கழிவறைக்குள் போய் நின்று அழுதுவிட்டுத்தான் அவர் கட்டிலடிக்குப் போனேன். நீயும் கொஞ்சம் அழு, நல்லது.

இன்றைக்கு நடந்ததைச் சொல்லத்தான் முக்கியமாக எழுதுகிறேன். பூசை முடிந்து மேசையைப் போட்டேன். வரிசை வந்தது, ஆனால் ஒருவரும் விரலைத் தரவில்லை. என்னடா இது மறுபடியும் என்று நினைத்தேன். மலியாவைக் கேட்டேன். "முதல் ஆள் எங்கே?" என்றாள். அவன் மெல்பேர்ணில் இருக்கிறான் என்றேன். "மெல்பேர்ணில ஊசி இல்லையோ?" என்றாள். பெத்தேலோ ஆஸ்பத்திரியிலிருந்து போனில் சொல்லிவிட்டாராம். தொடங்கிவைத்தவர் நீ, ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் உன் நம்பர் வந்து, அதை உரத்து வாசித்த பிறகுதான் மற்ற விரல்கள். அதற்குப் பிறகுதான் சாப்பாடு. உன்னைக் கூப்பிட்டுப் பார்த்தேன், அதே ஒரு கோடு. கடைசியில் போன கிழமை நம்பரையே மறுபடி வாசித்து ஒருமாதிரிச் சமாளித்தேன். அடுத்த ஞாயிறு அது எடுபடாது.

நான் உனக்குக் காவல் இருக்கத் தேவையில்லை என்று இப்போது நினைக்கிறேன். ஒரு மண்டபம் முழுக்கச் சனம் பசியோடு உன்னைப் பார்த்துக்கொண்டு நிற்கப்போகிறது.

அக்கா,
மாக்கிறேட்


கிளேட்டன்,
27.10.2024, ஞாயிறு

அக்கா,

இதைத் தபாலில் போடவில்லை. எழுதிப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். பாருங்கள், இரண்டு கோடும் விழும்.

8.1.

உரத்து வாசிக்கச் சொல்லுங்கள். சாப்பாடு ஆறப்போகிறது.

றெக்சன்